நான்கு அங்குல வாய்

தினமும் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு நான் ஓர் இயந்திரத்தை நிறுத்துகிறேன். அதற்கு அன்றைய வேலை எதையும் இன்னும் கொடுத்திருக்க மாட்டோம். வெட்டிய கொப்புகளைச் சில்லுச் சில்லாக அரைத்துத் துப்பும் சிப்பர் அது. பின்பக்கம் அகன்ற தொட்டி, தொட்டிக்குள் வாய், வாயில் கொப்பைப் பற்றி இழுக்கும் இரண்டு பல் உருளைகள், அவற்றுக்கு அப்பால் சுழலும் கத்தி. தொட்டியின் விளிம்பில் தொடை உயரத்தில் ஒரு சிவப்புத் தண்டு உண்டு. அதை இடித்தால் உருளைகள் நின்றுவிடும். எங்கள் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் வரிசையில் வந்து தண்டைத் தொடையால் இடித்து, "நின்றது" என்று வாய்விட்டுச் சொல்லி, ஏட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் கொப்பு உள்ளே போகும். ஊரில் ஒரு வண்டியை எடுக்குமுன் ஓடுகிறதா என்று பார்ப்போம். இங்கே நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். பதின்மூன்று வருடமாகியும் இது எனக்குப் பழகிப்போகவில்லை.

நான் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டன் நகரத்துக்கு வெளியே. தொழில், மரம் ஏறுவதும் வெட்டுவதும். இங்கே இதற்குப் படிப்பும் சான்றிதழும் உண்டு. இரண்டையும் முப்பத்தொன்பது வயதில் பெற்றேன். தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சி என் ஊர். இருபத்திரண்டு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். எந்த மரம், எத்தனை அடி, எந்தக் கயிறு, யார் கீழே நின்றார்கள், மழை பெய்ததா என்பவைதான் அதில் இருக்கும். மனசு சரியில்லை என்றெல்லாம் எழுதும் பழக்கமில்லை. அதனால்தான் போன ஆனி மாதத்தைத் தேடிப் புரட்டும்போது மரங்களின் பெயர்களே கிடைக்கின்றன. மீதியை இப்போது எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கும், ஊருக்குத் திரும்பப்போகிறேன் என்று என்னைப்போல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

இந்த நாட்டில் வெட்டிய கொப்புக்கு உரிமையாளர் யாரும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு வீட்டு வேலியோரத்து மரங்களைக் கழித்தோம். தழையையும் குச்சியையும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, கைமணிக்கட்டுக்கு மேல் கனமுள்ள கொப்புகளையெல்லாம் ஒரே நீளத்துக்குத் தறித்துச் சாலையோரம் அடுக்கினேன். எங்கள் குழுவின் தலைவன் க்ளென், என்னைவிட இளையவன், நல்லவன். அடுக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாள் சாயங்காலம் என் வாடகை வீட்டு வாசலில் ஒரு லாரி நிறைய விறகைக் கொட்டிவிட்டான். புதிதாக வந்தவன், குளிர்காலத்துக்கு விறகு இல்லாமல், கேட்கவும் கூச்சப்பட்டு ஒதுக்கி வைக்கிறான் என்று நினைத்திருக்கிறான். எங்கள் வீட்டில் அடுப்பும் கிடையாது, கணப்பும் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல அப்போது என் ஆங்கிலம் போதவில்லை. "சியர்ஸ்" என்று, இங்கே நன்றிக்குச் சொல்வதை மட்டும் சொன்னேன். என் மனைவி தங்கம் ஒரு மணி நேரம் சிரித்தாள். அந்த விறகு கார் கொட்டகைக்குப் பின்னால் மூன்று வருடம் நனைந்து கிடந்தது.

அந்த அடுக்கு என் கைப்பழக்கம். அது வந்த இடம் தென்காசி. செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் தடிகளின் சுற்றளவை அளந்து எழுதும் கணக்குப்பிள்ளையாக நான் இருந்தேன். கடை கைமாறியபோது வேலை போயிற்று. இசக்கி அண்ணாச்சியின் மரம்வெட்டும் செட்டில் சேர்ந்தேன். அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான்கு வருடம் ஒரே கயிற்றில் ஏறி இறங்கியிருக்கிறோம். குற்றாலத்தில் சீசன் தொடங்குவதற்கு முன் லாட்ஜுகளின் மேல் சாய்ந்த கொப்புகளையும், ஐந்தருவிச் சாலையில் பஸ் கூரையை உரசும் புளியங்கொப்புகளையும் கழித்துவிட வேண்டும். அந்த இரண்டு மாத வேலைதான் செட்டுக்கு வருடத்தின் முதுகெலும்பு. கூலி பேசும்போது ஒன்றை யாரும் வாயால் பேசுவதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும். அடிமரம் உடையவருக்கு. கொப்பில் மணிக்கட்டுக்கு மேல் கனமுள்ளது வெட்டியவருக்கு. அதற்குக் கீழே உள்ள தழையும் குச்சியும் யாருக்கும் இல்லை. ஆட்டுக்காரர் எடுத்தது போக மீதியை அந்த இடத்திலேயே தீ வைத்துவிடுவார்கள். கையில் வாங்கும் கூலி பாதிதான். மறுபாதி அந்தக் கொப்பு. வெட்டியவர்களின் வீட்டுப் பெண்கள் வந்து கட்டாகக் கட்டி, டீக்கடைகளுக்கும் புரோட்டாக் கடைகளுக்கும் கொண்டுபோய்ப் போடுவார்கள். கொப்பு இருக்கிற வாரம் அவர்கள் கடையில் கடன் சொல்ல மாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவியின் தம்பி செந்தில் பேசினான். தென்காசியில் டிராக்டர் வாடகைக்கு விடுகிறவன். பச்சைத் தழையை எரிக்கிற புகை லாட்ஜுக்குள் வருகிறது என்று சீசனுக்கு வருகிறவர்கள் சண்டை போடுகிறார்களாம். எரிக்கக் கூடாது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்களாம். "அத்தான், ஒங்க ஊர்ல பொடியாக்குத மெசினு இருக்குல்லா, அதுல ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. டிராக்டர் என்னுது. வேல தெரிஞ்ச ஆளு நீங்க. எத்தன நாளைக்கு அங்கன வெள்ளக்காரன் வேலிய வெட்டிக்கிட்டு இருப்பீய? இங்கன வாங்க, சேந்து பண்ணுவோம்" என்றான். அன்றைய நாட்குறிப்பில் 'தோத்தாரா மரம், நாற்பதடி, தூறல்' என்றிருக்கிறது. அதன் கீழே ஒரே ஒரு சொல்: 'போகலாம்'.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் தனியாகப் போட்டேன். சிப்பர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான். அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, அதற்கு எதைத் தின்னக் கொடுக்கப்போகிறோம் என்பது. இங்கே உள்ள மரங்களுக்கு ஓடுகிற இயந்திரம் தென்னை மட்டையைக் கண்டால் திணறிவிடும்; நார் சுழல்தண்டில் சுற்றிக்கொண்டு கழுத்தை நெரிக்கும். தட்டில் கத்தி பொருத்தியது ஒரு வகை, உருளையில் கத்தி பொருத்தியது இன்னொரு வகை. முதல் வகையில் சில்லு ஒரே அளவாக விழும். இரண்டாவது கோணல்மாணலான கவட்டையையும் முறித்து இழுத்துக்கொள்ளும். இரண்டாவது கேள்வி, எந்த வழியாகப் போகும் என்பது. ஐந்தருவிப் பக்கத்து லாட்ஜுச் சந்துகளில் சீசன் கூட்டத்துக்கு நடுவே சின்ன டிராக்டரே திணறும். சாரல் காலத்தில் ஈரத்தழை வெளிக்குழாயில் அப்பிக்கொள்ளும். ஆகவே குழாயைக் கையால் திறக்க முடிய வேண்டும். என்ஜின் மூச்சு வாங்கும்போது உருளைகள் தாமாக நின்று கொடுக்க வேண்டும். கத்தியைத் தீட்ட ஆள் வேண்டும். அதற்குச் செங்கோட்டையில் ரம்பம் தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் கத்தி எளிதில் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். இப்படிப் பதினொரு இயந்திரங்களைப் பற்றி எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகுதி: ஏன் வாங்கலாம், ஏன் வாங்கக் கூடாது.

எழுதிக்கொண்டிருந்தபோதே ஒரு விடுப்பில் ஊருக்குப் போய், இரண்டு வாரம் இசக்கி அண்ணாச்சியின் செட்டோடு சுற்றினேன். வெட்டி விழுந்த ஒவ்வொரு கொப்பையும் நாடாவால் அளந்தேன். எது எரிந்தது, எது கட்டாகக் கட்டப்பட்டது என்று தனித்தனியாக எழுதினேன். அண்ணாச்சி பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே வேலு, பிளேன் ஏறிப் போயும் நாடாவ விடலியாலே நீ?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"பொடியாக்குத மெசினுங்கியே, அதுக்குத் தழை எது, எங்க கொப்பு எதுன்னு தெரியுமாலே?"

"அதுக்குத் தெரியாது அண்ணாச்சி. வாயி சின்னதா இருந்தா, தன்னால தெரிஞ்சுக்கிடும்."

"அப்பச் சின்ன வாயாப் பாத்து வாங்கு. பெரிய வாய்க்காரன் ஒருத்தன் வீட்லயே இருக்கான். ஒன் மதினியக் கேட்டுப்பாரு, ஆமாம்பா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து கட்டுக்கம்பி மூன்று முழம் வாங்கி, மூன்று சுற்றாக முறுக்கி, நான்கு அங்குல வளையம் ஒன்று செய்தேன். மணிக்கட்டுக் கனமுள்ள குச்சி பக்கக் கிளைகளோடு நுழைவதற்கு அந்த அளவு போதும். அதற்கு மேல் எதுவும் நுழையாது. "இதுதான் மெசினோட வாயி அண்ணாச்சி. இதுல நொழையுதது மெசினுக்கு. நொழையாதது ஒங்களுக்கு. இது என் வாக்கு" என்று அவர் கையில் கொடுத்தேன். அவர் தன் மணிக்கட்டை அதில் விட்டுப் பார்த்தார். முழங்கை வரை ஏற்றிப் பார்த்தார். பிறகு சைக்கிளின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனார். நான் தேர்ந்தெடுத்த இயந்திரம் அதுதான். டிராக்டரால் ஓடுவது, நான்கு அங்குல வாய், சிவப்புத் தண்டு உள்ளது. அறுபத்திரண்டாம் பக்கம். நோட்டை முழுதாகப் படியெடுத்துச் செந்திலுக்கு அனுப்பினேன். "சூப்பர் அத்தான்" என்று பதில் வந்தது. அடுத்த குளிர்காலம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று க்ளெனிடம் சொல்லிவிட்டேன். அவன் என் தோளில் தட்டி, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டான். ஒருவன் காரணமில்லாமல் தன் ஊருக்குத் திரும்புவான் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

இயந்திரம் வாங்கியாயிற்று என்று செந்தில் சொன்னது போன ஆனி மாதம். படம் அனுப்பு என்றேன். சாரலில் போன் நனைந்துவிட்டது என்றான். ஒரு வாரம் கழித்து, சிக்னல் இல்லை என்றான். எனக்குச் சந்தேகம் வரவில்லை. சொல்லாமல் போய் நிற்கலாம் என்று ஆசைதான் வந்தது. தங்கத்திடம் மட்டும் சொன்னேன். "இப்ப எதுக்கு? லீவு போட்டு வேற போகணுமா?" என்றாள். நான் அதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டேன்.

தென்காசியில் இறங்கியபோது மலை தெரியவில்லை, முழுதும் மூடியிருந்தது. பழக்கமான குளிர்ந்த தூறல் முகத்தில் விழுந்தது. செந்திலின் டிராக்டர் கொட்டகைக்கு நடந்தேன். கொட்டகையின் முன்னால் பத்தடி உயர ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று. அதில் நான். தலைக்கவசமும் காதுமூடியும் கழுத்தில் கயிறுமாக, வலது கையில் ரம்பத்தோடு சிரிக்கிறேன். 'நியூசிலாந்து மர வல்லுநர் திரு. வேல்முருகன் அவர்கள் நேரில் ஆய்வு செய்து தேர்ந்தெடுத்த நவீன இயந்திரம்' என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை வாசித்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. வேலை எங்கே நடக்கிறது என்று கொட்டகையில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டு, ஐந்தருவிச் சாலைக்கு ஆட்டோ பிடித்தேன்.

தூரத்திலேயே சத்தம் கேட்டது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான்கு அங்குல இயந்திரம் சிணுங்கும், இது உறுமியது. கிட்டே போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு அங்குல வாய். ஒரு ஆள் குனிந்து தலையை விடலாம். என் தொடை கனமுள்ள புளியங்கொப்பு ஒன்று முழுதாக உள்ளே போய், மறுபக்கம் லாரிக்குள் சில்லாகக் கொட்டியது. சாலையோரத்தில் அடுக்கு எதுவும் இல்லை. கட்டு கட்ட வந்த பெண்கள் யாரும் இல்லை. தொட்டியின் சிவப்புத் தண்டை ஆரஞ்சு நிற நைலான் கயிறால் அசையாதபடி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலைத்துண்டின் முனை காற்றில் ஆட, கொப்பை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தவர் இசக்கி அண்ணாச்சி.

நான் முதலில் செய்தது டிராக்டரின் சாவியைத் திருப்பியது. சத்தம் நின்றது. அண்ணாச்சி திரும்பினார்.

"வாங்க சார்" என்றார்.

"என்ன அண்ணாச்சி, சார்ங்கிய?"

"போர்டுல அப்படித்தான போட்டிருக்கு. திருவாம், அவர்களாம். நாங்க மரியாத தெரியாமப் பேசிரக் கூடாதுல்லா?"

"அண்ணாச்சி, இது நான் சொன்ன மெசினு இல்ல."

"ஒம் போட்டாதான அது? இல்ல, ஒன்னயப் போல ஒருத்தனா?" சார் போய்விட்டது, ஆனால் பழைய ஏலேயும் வரவில்லை. "ஒம் மச்சினன் வந்தான். அத்தான் சொன்ன மெசினு, அத்தானே அளந்து பாத்ததுன்னான். எங்க ஆளுவ முறுக்கிக்கிட்டுத்தான் நின்னானுவ. நான்தான் சொன்னேன், வேலு சொல்லியிருந்தா அதுல ஒரு காரியம் இருக்கும்லே, கையெழுத்துப் போடுங்கன்னு. கொப்பு கேக்க மாட்டோம்னு எழுதியிருந்துச்சு. எனக்கு வாசிக்கத் தெரியும். வாசிச்சுட்டுத்தான் போட்டேன்."

நான் நைலான் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. அவர் தன் அரிவாளால் அறுத்துக் கொடுத்தார். "அந்தக் கம்பி தொட்டாத் தொட்டா நிக்குதுன்னு ஒம் மச்சினன் கட்டிப்போட்டான்" என்றார். பிறகு மரத்தடியில் சாய்த்திருந்த சைக்கிளிடம் போய் வளையத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். கம்பி துருப்பிடித்திருந்தது. "பத்திரமா வச்சிருந்தேன். இப்ப இது எதுல நொழைய? எடுத்துட்டுப் போ" என்று என் கையில் வைத்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுப்பதுபோல் கொடுத்தார்.

செந்தில் அரை மணி நேரத்தில் பைக்கில் வந்தான். என்னைக் கண்டதும் முகம் ஒரு கணம் மாறி, உடனே சரியாயிற்று. "அத்தான்! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிய! வாங்க, சாப்பிட்டுப் பேசுவோம்" என்றான்.

"எதுக்குலே இத வாங்கினே?"

"நீங்க எழுதுனதத்தான வாங்குனேன்." பைக் பெட்டியிலிருந்து படியெடுத்த தாள்களை எடுத்தான். எழுபத்தொன்றாம் பக்கம். என் கையெழுத்து, நேர்கோட்டில், அடித்தல் திருத்தல் இல்லாமல்: 'பன்னிரண்டு அங்குல வாய். தொடை கனமுள்ள தடியையும் முழுதாக விழுங்கும். தரம் பிரிக்கவோ அடுக்கவோ சுமக்கவோ ஆள் தேவைப்படாது. விறகு என்று எதுவும் மிஞ்சாது. சில்லைக் கொதிகலன் வைத்திருக்கும் ஆலைகள் லாரி லாரியாக எடுத்துக்கொள்ளும்.' ஒவ்வொரு வரியும் உண்மை. இதை ஏன் வாங்கக் கூடாது என்ற தலைப்பு, இடம் போதாமல், எழுபதாம் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. அந்தப் பக்கம் அவன் கையிலிருந்த தாள்களில் இல்லை.

"தலப்பு எங்க செந்தில்?"

"தலப்பு எதுக்கு அத்தான்? விசயம்தான முக்கியம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "கேளுங்க. சில்ல ஆலைக்காரன் வாங்கிக்கிடுதான். அந்தச் சின்ன மெசின வச்சித் தழைய அரைச்சு நான் யாருக்கு விக்க? விறகெல்லாம் இவனுவ கட்டிக்கிட்டுப் போயிட்டா டிராக்டர் டியூவ யாரு கெட்டுவா? நீங்க நல்லாத்தான் எழுதியிருக்கிய. ஆனா எனக்காகவா எழுதுனிய? இவருக்காக எழுதுனிய." அண்ணாச்சியின் பக்கம் தலையைச் சாய்த்தான்.

"என்னையக் கேட்டிருக்கலாம்லா?"

"நீங்க வருவியன்னா கேட்டிருப்பேன். நீங்கதான் வரமாட்டியளே. அக்காதான சொன்னா. வருசா வருசம் வாரேன் வாரேம்பாரு, அவரு வரமாட்டாரு, நீ ஒம் பொழப்பப் பாருன்னா. போட்டாகூட அவதான அனுப்புனா."

அந்தப் படம் எப்போது எடுத்தது என்று எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக்குப் பின்னால், புதிய கயிற்றைச் சோதித்துப் பார்த்தபோது. எடுத்தவள் தங்கம். அவள் போனைத் தவிர வேறெங்கும் அந்தப் படம் இல்லை. ஃப்ளெக்ஸைப் பார்த்த அந்த நிமிடமே இதை நான் யோசித்திருக்க வேண்டும். சின்னச் சின்னக் கணக்கையெல்லாம் சரிபார்க்கிறவன் அந்த ஒன்றை மட்டும் பார்க்காமல் ஆட்டோ ஏறியிருக்கிறேன்.

அண்ணாச்சியிடம் திரும்பி, இது நான் சொன்னதில்லை, என் நோட்டில் தலைப்பை மறைத்துவிட்டான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "சரிப்பா, நம்புதேன்" என்றார். "நம்பி என்ன செய்ய? கையெழுத்து என்னுதுல்லா." சாவியைத் திருப்பச் சொல்லிச் செந்திலின் டிரைவருக்குக் கையைக் காட்டினார். நான் இருந்த ஐந்து நாளும் ஃப்ளெக்ஸை இறக்கச் சொல்லிக் கேட்டேன். ஐந்தாம் நாள் இறக்கினான். சாரலில் கிழிந்திருந்தது, அதனால். ஊருக்குக் கிளம்பிய காலையில் பஸ் ஐந்தருவிச் சாலை முக்கில் நின்றபோது அந்த இயந்திரத்தைப் பார்த்தேன். சிவப்புத் தண்டில் புதிய கயிறு கட்டியிருந்தது. இந்தத் தடவை நீல நிறம். 'ஊருக்குக் கிளம்பிய' என்று கை தானாக எழுதிவிட்டது. நான் கிளம்பியது ஹாமில்டனுக்கு. அடிக்காமல் விடுகிறேன்.

தங்கத்திடம் உடனே கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை, அவள் முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்பச் சீருடையில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஆமா, நாந்தான் அனுப்புனேன்" என்றாள். தோசையைத் திருப்பினாள்.

"அவன் எதுக்குக் கேக்கான்னு தெரியுமா?"

"தெரியும்."

"பெரிய மெசினு வாங்கப் போறான்னு?"

"அதுவும் தெரியும்." அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எத்தன பக்கம் எழுதுனீய அந்த நோட்டுல? தென்ன மட்டைய அது எப்படித் திங்கும், மழையில எங்க அடைக்கும், கத்திய யாரு தீட்டுவா, எல்லாம் எழுதுனீய. நான் வாசிச்சேன், மொத்தமும் வாசிச்சேன். இந்த வேலைய விட்டுட்டு அங்கன வந்து நான் என்ன செய்வேன்னு ஒரு பக்கம் எழுதுனீயளா? காலேஜு போற நம்ம பிள்ளைய எங்க விடுவோம்னு எழுதுனீயளா? என்கிட்டக் கேட்டீயளா? அந்தச் சின்ன மெசினு வந்திருந்தா நீங்க போயிருப்பீய. அதான் வரக் கூடாதுன்னு நெனச்சேன்."

அவள் வேலைக்குப் போன பிறகு நோட்டை எடுத்து முதலிலிருந்து புரட்டினேன். அவள் சொன்னது சரி. அவள் பெயர் எங்கும் இல்லை. அவள் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் நியாயமான கேள்வியை வைத்திருந்தவள் அதை என்னிடம் கேட்கவில்லை. தம்பியிடம் என் படத்தைக் கொடுத்தாள். நடுவில் நசுங்கியவர் அவளுக்குப் பெயர் மட்டும் தெரிந்த இசக்கி. இரண்டையும் நான் அறிவேன். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யமாவதில்லை. வளையத்தை என் மேசைக்கு மேல் ஆணியில் மாட்டியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் அவள் தூசி தட்டும்போது அதையும் எடுத்துத் துடைத்துவிட்டு அதே ஆணியில் மாட்டிவிடுகிறாள்.

குளிர்காலம் முடிந்தும் நான் போகவில்லை என்றதும் க்ளென் மகிழ்ந்துபோனான். உடம்பு சரியில்லாதவர் தேறிவிட்டாரா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் நகராட்சிப் பூங்காவை ஒட்டிய சாலையில் வேலை. காலையில் ஐந்து பேரும் சிவப்புத் தண்டை இடித்தோம்; "நின்றது" என்று நான் சொன்னபோது என் குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது போலும், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் இயந்திரத்துக்கும் பெரிய வாய்தான். என் மணிக்கட்டைவிடக் கனமான கொப்பு ஒன்று கையில் வந்தது. தொட்டி வரை கொண்டுபோனேன். உள்ளே விடக் கை வரவில்லை. ஓரமாகப் போட்டேன். அடுத்ததையும் போட்டேன். மத்தியானத்துக்குள் ஒரே நீளத்துக்குத் தறித்து, இடுப்பு உயரத்துக்கு ஓர் அடுக்கு ஆகிவிட்டது. பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய விறகு லாரி க்ளெனுக்கும் ஞாபகம் இருந்தது. இந்தத் தடவை வந்து, "உனக்கா?" என்று கேட்டான்.

"எனக்கில்லை."

"பிறகு யாருக்கு?"

"இசக்கிக்கு" என்றேன்.

அவன் தலையாட்டினான். யாரோ வாடிக்கையாளர், பிறகு வந்து எடுத்துக்கொள்வார் என்று எண்ணிவிட்டான். இங்கே பேசி வைத்த விறகை வேறு யாரும் தொடாதிருக்கப் பெயர் எழுதிவிடுவது வழக்கம். வண்டியிலிருந்து ஆரஞ்சு வண்ணத் தெளிப்பானை எடுத்து, எழுத்துகளை என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, வெட்டுமுகங்களின் மேல் பெரிதாக அந்தப் பெயரை எழுதினான். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

இன்று வேலைக்குப் போகிற வழியில் பார்த்தேன். தூறிக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் நடக்கிறவர்கள் நாயோடு வந்து, பெயரை வாசித்து, விலகிப் போகிறார்கள். யாரும் ஒரு குச்சியைக்கூட எடுக்கவில்லை. அடுக்கு வைத்தபடியே நனைந்துகொண்டிருக்கிறது.